கதவைச் சாத்தினால் கணக்கு முடிந்துவிடுமா?

மாலை நான்கு மணிக்கு எங்கள் கிளையின் ஷட்டர் பாதியளவு இறங்கும். வெளியே நிற்பவர்களைப் பொறுத்தவரை வங்கி மூடிவிட்டது. உள்ளே இருக்கும் எங்களுக்கோ அன்றைய வேலையின் இரண்டாம் பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. காசாளர் தம்மிடமுள்ள நோட்டுகளை எண்ணிக் கணினி காட்டும் இருப்போடு ஒத்துப் பார்க்கிறார். பற்றுச் சீட்டுகளும் வரவுச் சீட்டுகளும் பதிவுகளோடு பொருந்துகின்றனவா என்று வேறோர் அலுவலர் சரிபார்க்கிறார். பணம் பெட்டக அறைக்குள் போகும்போது இரண்டு சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கின்றன. ஒருவர் மட்டும் தனியே பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது. இவை யாவும் முடிந்து, நாள் முடிவுக் கணக்கு ஏற்கப்பட்ட பிறகுதான் எங்களுக்கு அந்த நாள் முடிகிறது. ஷட்டர் இறங்கியதால் நாள் முடிந்துவிட்டது என்று எந்த வங்கி ஊழியரும் எண்ணுவதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒழுங்கில் பழகிய நான், இணைய வங்கிச் சேவையைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்டபோது மட்டும் அதை மறந்துபோனேன். சில ஆண்டுகளுக்கு முன் கிளையில் நடந்த வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றில், "வேலை முடிந்ததும், அல்லது ஏதேனும் தடுமாற்றம் ஏற்பட்டால், திரையின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுங்கள், போதும்" என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அதைக் கையேட்டில் குறித்துக்கொண்டார். அந்த அறிவுரை எவ்வளவு அரைகுறையானது என்பதைப் பின்னர் அவர் வாயிலாகவே அறிந்துகொண்டேன்.

ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. அமைச்சகங்களில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. மலை மந்திர் என்று தில்லி முழுவதும் அறியப்பட்ட சுவாமிமலைக் கோயிலும், தில்லித் தமிழ்ச் சங்கமும் இங்கேதான் இருக்கின்றன. எனவே எங்கள் வாடிக்கையாளர்களில் ஓய்வூதியர்கள் மிகுதி. கையேட்டில் குறித்துக்கொண்ட அந்தப் பெரியவரும் அவர்களில் ஒருவர். கும்பகோணத்துக்காரர். மகளுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில் மனைவியுடன் வசிக்கிறார்.

பேரனின் கல்லூரிக் கட்டணம் 62,000 ரூபாயை வீட்டு மடிக்கணினியிலிருந்து அவர் செலுத்தினார். கடவுச்சொல், குறுஞ்செய்தியில் வந்த ஓ.டி.பி. எல்லாம் சரியாகவே இட்டிருக்கிறார். அதற்குப் பிறகு திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. கையேட்டைப் பார்த்தார். தடுமாற்றம் ஏற்பட்டால் மூடிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. மூடிவிட்டார். கால்மணி நேரம் கழித்து மீண்டும் திறந்து, மறுபடியும் செலுத்தினார். இம்முறை ரசீது வந்தது. இரவில் கைப்பேசியைப் பார்த்தபோது பற்று வைக்கப்பட்ட செய்திகள் இரண்டு இருந்தன.

இரண்டாவதாகப் போன 62,000 ரூபாய், அவர் மனைவியின் கண்புரை அறுவைக்காக எடுத்து வைத்திருந்த பணம். கல்லூரி அதைத் திருப்பித் தந்தது; ஆனால் ஏழு வாரங்கள் கழித்து. அதுவரை அறுவை தள்ளிப்போயிற்று. மறுநாள் காலை கிளைக்கு வந்த அவர் கோபப்படவில்லை. கையேட்டைத் திறந்து காட்டி, "நான்தான் மூடிவிட்டேனே சார், மூடிய பிறகு பணம் எப்படிப் போயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான விடை இல்லை. விடையைத் தேடிக் கற்றுக்கொண்டதை இங்கே வாடிக்கையாளர்கள் முன் வைக்கிறேன். கூடவே, இந்தப் பொறுப்பில் வங்கிகளாகிய எங்கள் பங்கு என்ன என்பது குறித்த என் கருத்தையும் சொல்லிவிட விரும்புகிறேன்.

புறப்பட்டுவிட்ட கடிதம்

அஞ்சல் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் கடிதம் திரும்பி வந்துவிடுமா? இணையப் பரிமாற்றமும் அத்தகையதே. நாம் பார்க்கும் திரை வங்கியின் கணினியில் இல்லை. அது நம் மேசைமேல் உள்ள உலாவி வரைந்து காட்டும் படம். 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்திய நொடியில் நம் கோரிக்கை வலைப்பின்னல் வழியாக வங்கியின் வழங்கிக்குச் சென்றுவிடுகிறது. அங்கே கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. பணம் பெறுபவரின் வங்கிக்குச் செய்தி செல்கிறது. இவற்றின் விளைவைத் தெரிவிக்கும் பதில்தான் நம் திரைக்குத் திரும்பி வர வேண்டும். சுழலும் வட்டத்தின் பொருள், பதில் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. கோரிக்கை போய்ச் சேர்ந்ததா, வேலை நடந்ததா என்பதைப் பற்றி அந்த வட்டம் எதுவும் சொல்வதில்லை. அந்நேரத்தில் சாளரத்தை மூடினால், வரவேண்டிய பதிலை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போகிறதே தவிர, போன கோரிக்கை நின்றுவிடுவதில்லை.

முற்காலத்தில் இடையே சிறிது அவகாசம் இருந்தது. காசோலை கொடுத்துவிட்டு மனம் மாறினால், அது தீர்வுக்கு வருவதற்குள் கிளைக்கு ஓடிவந்து பணம் கொடுக்கவேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். இன்று அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2010 நவம்பரில் தொடங்கிய ஐ.எம்.பி.எஸ். முறை எந்நேரமும் உடனடியாகப் பணத்தைச் சேர்க்கிறது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் நாள் முழுவதும், அரைமணிக்கு ஒரு தொகுப்பாக இயங்குகிறது. ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதல் இரவு பகல் பாராமல் நடக்கிறது. பெறுபவரின் கணக்கில் சேர்ந்துவிட்ட தொகையை அவர் இசைவில்லாமல் வங்கி தானாக எடுத்துத் தந்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் சாளரத்தை மூடிவிட்டார் என்பது வங்கிக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதே பெரும்பாலும் உண்மை. மூடப்படும் தறுவாயில் கடைசிச் செய்தி ஒன்றை அனுப்ப உலாவிகளில் வழி உண்டு. ஆனால் அது உறுதியான வழி அல்ல. மின்சாரம் போகலாம், வலைத்தொடர்பு அறுந்திருக்கலாம், கைப்பேசியில் நினைவகம் குறைந்தால் இயக்கமுறைமையே செயலியை முன்னறிவிப்பின்றி நிறுத்திவிடும். ஆகவே வங்கியின் வழங்கி, குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு எந்த அசைவும் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் போய்விட்டார் என்று கருதி அமர்வைத் தானே முடித்துக்கொள்கிறது. 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தினால் மட்டுமே, "நான் போகிறேன்" என்று நாம் வங்கியிடம் நேரடியாகச் சொன்னதாகும். பெருக்கல் குறி, சொல்லாமல் எழுந்து போவதற்கு ஒப்பானது.

இந்தச் சிக்கலை ரிசர்வ் வங்கி கருதாமல் இல்லை. மின்னணுப் பணப்பரிமாற்றப் பாதுகாப்புக் குறித்து அது 2021 பிப்ரவரி 18 அன்று வெளியிட்ட முதன்மை நெறிமுறை, வாடிக்கையாளர் இடையிலேயே செயலியை மூடிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறது. அமர்வு முடிக்கப்பட வேண்டும். பாதியில் நின்ற பரிமாற்றம் தீர்க்கப்படவோ திருப்பப்படவோ வேண்டும். அதன் நிலை வாடிக்கையாளருக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டும். அதற்கு முன், 2019 செப்டம்பர் 20 நாளிட்ட சுற்றறிக்கை, நம் கணக்கில் கழிந்து அடுத்தவர் கணக்கில் சேராத பணத்துக்குக் கால வரம்பு விதித்தது. ஒருவருக்கொருவர் அனுப்பும் யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். தொகை அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். இணையவழி அட்டைப் பரிமாற்றத்தில் வணிகருக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால் ஐந்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கவனியுங்கள்: இந்தப் பாதுகாப்பு, சேராமல் போன பணத்துக்கே. பெரியவர் செலுத்திய இரண்டு தொகைகளுமே சரியாகச் சேர்ந்துவிட்டன. வங்கியின் கண்ணில் அவை பிழையற்ற இரண்டு பரிமாற்றங்கள். அதனால்தான் கல்லூரியின் தயவுக்காக ஏழு வாரம் காத்திருக்க நேர்ந்தது. வட்டம் சுழலும்போது கைக்கொள்ள வேண்டிய விதி இதுதான்: இரண்டாவது முறை செலுத்துவதற்கு முன் கணக்கின் இருப்பையும், கடைசிப் பதிவுகளையும் பாருங்கள். தெளிவில்லையென்றால் மறுநாள் வரை பொறுங்கள். அபராதத்தோடு கட்டணம் செலுத்தினாலும் அது இருமுறை செலுத்துவதைவிடச் சிறிய இழப்பாகவே இருக்கும்.

மூடிய பின்னும் தங்குபவை

இதுவரை சொன்னது வங்கியின் பக்கத்தில் நடப்பது. நம் மேசைப் பக்கத்திலும் சில மிச்சங்கள் உண்டு.

எங்கள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வருமான வரிக்காகத் தமது படிவம் 16-ஐ அச்செடுக்க அருகிலுள்ள நகலகத்துக்குச் சென்றார். வீட்டில் அச்சுப்பொறி இல்லாதவர்கள் எல்லாரும் செய்வதுதான். மின்னஞ்சலைத் திறந்தார், கோப்பைத் தரவிறக்கினார், அச்செடுத்தார், சாளரத்தை மூடினார், பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவருக்கு அடுத்து அதே கணினியில் அமர்ந்த கல்லூரி மாணவி வாசல்வரை ஓடிவந்து, "ஆன்ட்டி, உங்க மெயில் திறந்தே இருக்கிறது" என்று அழைத்துச் சென்றாள். சாளரத்தைத் திறந்ததும் முன்னவரின் அஞ்சற்பெட்டி அப்படியே விரிந்திருக்கிறது. நல்ல பெண் வந்தமர்ந்தது ஆசிரியையின் நற்பேறு.

இது ஏன் நிகழ்கிறது? இணையத்தின் அடிப்படை மொழிக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கியவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்று வழங்கிக்குத் தெரியாது. இந்த மறதிக்கு மருந்தாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மோன்டுல்லி 'குக்கீ' என்பதை உருவாக்கினார். கோயிலில் செருப்பை விடும்போது கொடுக்கும் வில்லையைப் போல, தளம் நமக்கு ஒரு குறியெண்ணைக் கொடுத்துவைக்கிறது. ஒவ்வொரு முறையும் உலாவி அதைக் காட்ட, தளம் நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது. கடவுச்சொல்லை ஒருமுறை இட்டபின் பக்கந்தோறும் கேட்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

குக்கீகள் இருவகை. முடிவுநாள் குறிக்கப்படாதவை, உலாவியை மூடியதும் மறைய வேண்டியவை. முடிவுநாள் குறிக்கப்பட்டவை, அந்த நாள்வரை கணினியில் தங்குபவை. மின்னஞ்சல், சமூக ஊடகத் தளங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் வாரக்கணக்கில் நாம் மீண்டும் கடவுச்சொல் இடவேண்டியிருப்பதில்லை. ஆசிரியையின் அஞ்சல் திறந்தே இருந்ததன் காரணமும் அதுவே.

முதல் வகையாவது மூடியவுடன் மறைந்துவிடுகிறதா என்றால், அதுவும் எப்போதும் இல்லை. கணினி திடீரென்று நின்றுபோனால் திறந்திருந்த பக்கங்களை மீட்டுத்தரும் வசதி 2006-இல் ஃபயர்ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்பில் வந்தது. 'விட்ட இடத்திலிருந்து தொடர்க' என்ற தெரிவு குரோம் உலாவியிலும் இருக்கிறது. இவ்வாறு தொடரும்போது, மறைந்திருக்க வேண்டிய குக்கீகளும் பக்கங்களோடு சேர்ந்து மீண்டுவிடக்கூடும். வங்கித் தளங்கள் சில நிமிடங்களில் வழங்கியின் பக்கத்திலேயே அமர்வை முடித்துவிடுவதால் இங்கே அபாயம் குறைவு. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் அடுத்தவர் அமர்ந்துவிட்டால் என்ன செய்வது? 'வெளியேறு' பொத்தானை அழுத்திவிட்டால், பழைய குறியெண் அடுத்தவர் கைக்கு மீண்டாலும் வங்கி அதை ஏற்காது.

வங்கித் தளத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது மின்னஞ்சலுக்குத்தான். வங்கியின் கணக்கறிக்கை அங்கே வருகிறது; பல சேவைகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பும் அங்கேதான் வருகிறது. திறந்து கிடக்கும் அஞ்சற்பெட்டி, மற்ற அறைகளின் சாவிகள் மாட்டியிருக்கும் பலகைக்கு ஒப்பானது.

அதற்கு அடுத்தது தரவிறக்கிய கோப்பு. படிவம் 16, கணக்கறிக்கை, ஆதார் நகல், பான் அட்டை ஆகியவற்றைத் தரவிறக்கினால் அவை கணினியின் தரவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். சாளரத்தை மூடினாலும் கிடக்கும். 'வெளியேறு' என்று அழுத்தினாலும் கிடக்கும். தடம் பதியாத தனிச் சாளரத்தில் திறந்திருந்தாலும் கிடக்கும். அந்தத் தனிச் சாளரம் குக்கீகளையும் சென்ற தளங்களின் வரலாற்றையும் அழிக்கிறது, கோப்புகளைத் தொடுவதில்லை. கோப்பை நாமே தேடி அழித்து, குப்பைக்கூடையிலிருந்தும் நீக்கினால்தான் அது போகும்.

மூடிய பின்னும் ஓடுபவை

தங்குவதோடு நில்லாமல், ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு. கணினியில் குரோமை மூடிய பின்னும் பின்னணிச் செயலிகள் தொடரலாம் என்றொரு தெரிவு அதன் அமைப்புகளில் இருக்கிறது. எட்ஜ் உலாவியில், அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக அதன் ஒரு பகுதி மூடிய பின்னும் விழித்திருக்கும் வசதி உண்டு. இவை தீய நோக்கத்துடன் வைக்கப்பட்டவை அல்ல. ஆனால் மூடினால் எல்லாம் நின்றுவிடும் என்ற நம் எண்ணத்துக்கு மாறானவை.

சாதாரண வாடிக்கையாளரை இது தொடும் இடம் அறிவிப்புகள். ஏதோ ஒரு செய்தித் தளமோ திரைப்படத் தளமோ, "உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்கிறது. தொல்லை ஒழியட்டும் என்று 'அனுமதி' என்பதை அழுத்திவிடுகிறோம். அந்த நொடியில் அத்தளத்தின் சிறு நிரல் ஒன்று உலாவியில் பதிந்துகொள்கிறது. அந்தப் பக்கத்தை மூடிய பின்னும், கைப்பேசியில் உலாவியையே தள்ளிவிட்ட பின்னும், அறிவிப்பு வரும்போது அது எழுப்பப்படும். பிறகு ஒருநாள், "உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்று திரையின் ஓரத்தில் ஒரு செய்தி எழும். எந்தத் தளமும் திறந்திராதபோது வருவதால், கணினியே சொல்வதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றந்தான் மோசடிக்காரரின் முதலீடு.

வங்கி இவ்வழியில் கே.ஒய்.சி. கேட்பதில்லை. அத்தகைய அறிவிப்பை அழுத்தாமல், உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குச் சென்று, அறிமுகமில்லாத தளங்களின் அனுமதியை நீக்கிவிடுங்கள். வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் யாவும் 'பேங்க்.இன்' என முடியும் முகவரிகளுக்கு மாற வேண்டியிருந்தது. அந்த முடிவெழுத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். பணம் பறிபோய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்; வங்கிக்கும் தெரிவியுங்கள். நம் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்றும், தவறு வாடிக்கையாளருடையது என்று நிறுவும் பொறுப்பு வங்கியுடையது என்றும் 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்தது.

எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

இவ்வளவும் கேட்ட ஒருவர், "அப்படியானால் மூடும்போதெல்லாம் அனைத்தும் அழிந்துவிடும்படி செய்துவிடலாமே" என்று கேட்கக்கூடும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் அதற்கு வழி உண்டு. நானும் ஒருகாலத்தில் அனைவருக்கும் அதையே பரிந்துரைத்தேன். விளைவைப் பார்த்தபின் மனம் மாறினேன். ஒவ்வொரு முறையும் எல்லாத் தளங்களிலும் கடவுச்சொல் இடவேண்டியிருந்ததால், எழுபது வயதுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டார்கள். அதைத் தாளில் எழுதிக் கணினியிலேயே ஒட்டிவைத்தார்கள். பூட்டு கடுமையாக இருந்தால் சாவி வாசற்படியின் கீழ் போய்விடுகிறது.

எனவே இடத்துக்கேற்ற விதியே நடைமுறைக்கு உகந்தது. தமக்கு மட்டுமே உரிய, பூட்டுச்சொல் உள்ள கணினியில் மின்னஞ்சல் நினைவில் இருப்பதில் பெருங்குற்றம் இல்லை. வங்கித் தளத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு முறையும் முறையாக வெளியேறினால் போதும். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினியானால், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பேரன் 'அனுமதி' கொடுத்த தளத்தின் அறிவிப்பு தாத்தாவின் திரையில் எழாது. நகலகம், விடுதி, நூலகம் ஆகியவற்றின் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம். அங்கே விசைகளைப் பதிவு செய்யும் நிரல் இருந்தால் எந்தத் தனிச் சாளரமும் காப்பாற்றாது. அச்செடுக்கத்தான் வேண்டுமென்றால், கோப்பை மட்டும் விரலியில் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் அங்கே பிரதி எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

தவறிப்போய் எங்கோ திறந்து வைத்துவிட்டு வந்துவிட்டால்? வீட்டுக்கு வந்தபின்னும் வழி இருக்கிறது. பெரிய மின்னஞ்சல் சேவைகளின் பாதுகாப்புப் பக்கத்தில், நம் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு. அங்கிருந்தே அறிமுகமற்ற கருவியை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். அந்த ஆசிரியை அன்று மாலையே கிளைக்கு வந்து, இதைத்தான் எங்கள் உதவியுடன் செய்தார்.

வங்கிகள் செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் வாடிக்கையாளருக்கான அறிவுரைகளாகச் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. அது நேர்மையாகாது. கும்பகோணத்துப் பெரியவர் எந்த விதியையும் மீறவில்லை. வங்கி அலுவலரின் சொல்லைக் கேட்டு நடந்தார். ஒரு கருவி, மூடும் குறியையும் வெளியேறும் பொத்தானையும் ஒரே பொருள் தருபவைபோலக் காட்டுமானால், குழம்பியவரைக் குறைசொல்வதற்கு முன் கருவியைத் திருத்த வேண்டும்.

அட்டை எண்களைப் பொறுத்தவரை நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. "வணிகத் தளங்களில் அட்டை விவரங்களைச் சேமிக்காதீர்கள்" என்று ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளர்களுக்கு எழுதிவந்தோம். பெரும்பயன் விளையவில்லை. 2022 அக்டோபர் 1 முதல், வணிகர்கள் உண்மையான அட்டை எண்ணைச் சேமிக்கவே கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்றெண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது. கோடிக்கணக்கானோரின் பழக்கத்தை மாற்ற முயல்வதைவிட நிறுவனங்களின் நடைமுறையை மாற்றுவது பலனளித்தது.

அதே வழியில் நம் வங்கி உட்பட எல்லா வங்கிகளும் மூன்று காரியங்களைச் செய்யலாம் என்பது என் கருத்து. முதலாவது: பரிமாற்றம் ஒன்று பாதியில் நின்றபின் வாடிக்கையாளர் மீண்டும் உள்ளே வந்தால், வேறெதையும் காட்டுவதற்கு முன், "சற்றுமுன் இந்தத் தொகையை அனுப்பினீர்கள், அதன் நிலை இது" என்று அவர் மொழியில் காட்ட வேண்டும். இரண்டாவது: அதே பெறுநருக்கு, அதே தொகை, சிறிது நேரத்துக்குள் மீண்டும் அனுப்பப்படுமானால், "இது இரண்டாவது முறை, தொடரலாமா?" என்று நிறுத்திக் கேட்க வேண்டும். மூன்றாவது: 'வெளியேறு' பொத்தான் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், கண்ணாடியைத் தேடாமல் படிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி ஒன்று மட்டும் அன்று எழுந்திருந்தால் ஓர் அம்மையாரின் கண் அறுவை தள்ளிப்போயிருக்காது.

கேள்விகள் மிகுந்தால் வாடிக்கையாளர்கள் எரிச்சலடைவார்கள் என்று தொழில்நுட்பப் பிரிவு நண்பர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் கவுண்டரில் காசோலையை நீட்டும் வாடிக்கையாளரிடம், "ஐயா, இதே தொகைக்குக் காலையில்தான் ஒன்று கொடுத்தீர்கள்" என்று காசாளர் சொன்னால் எவரும் எரிச்சலடைவதில்லை, நன்றி சொல்கிறார்கள். கவுண்டரில் இருந்த அந்த அக்கறை திரைக்கும் வந்துசேர வேண்டும்.

பெரியவர் இப்போதும் மாதந்தோறும் கிளைக்கு வருகிறார். அம்மையாருக்குக் கண்புரை அறுவை நன்கு முடிந்தது. சென்ற முறை வந்தபோது அவருடைய கையேட்டை நான் கேட்டு வாங்கினேன். என் பழைய அறிவுரையை அடித்துவிட்டு, அதன் கீழே என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன்: "முதலில் 'வெளியேறு'. பிறகு மூடுக. வட்டம் சுழன்றால் மறுபடி செலுத்தாமல், கணக்கைப் பார்க்க. ஐயம் இருந்தால் கிளைக்குத் தொலைபேசுக." திருத்தத்தின் பக்கத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கையேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.